அழைத்தும் ஆஜராகவில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு வரவேண்டிய ரயில் எட்டு ஐந்துக்குத் தஞ்சாவூர் வந்து சேர்ந்தது. இறங்கியதும் எஸ்தர் அம்மையார் கேட்ட முதல் கேள்வி, காவிரி எந்தப் பக்கம் என்பது. வடக்கே திருவையாற்றில் ஓடுகிறது, ஊருக்குள் இல்லை என்றேன். ஆற்றின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு ஆற்றைக் காட்டாமல் இருக்கிறீர்களே என்றார்.

அவர் அமெரிக்கர், கறுப்பினத்தவர், அறுபத்தொரு வயது. பருத்தி விளையும் தெற்குப் பகுதியில் இருபத்தேழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தம் நாட்டில் விடுதலைக்காகவும் சம உரிமைக்காகவும் போராடியவர்களைப் பற்றி நம் கல்லூரிகளில் பேச வந்திருந்தார். நான் சென்னையில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் மொழிபெயர்ப்பாளனாக உடன் போவேன். பதினாறு ஆண்டுகளாக எனக்கு ஒரே விதிதான்: சொன்னதைச் சொல்வேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன், யாரும் பேசாததை நானாகப் பேசமாட்டேன். நடந்ததை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் என் வழக்கம். இதில் உள்ள நேரங்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை.

ரயிலடிக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம். அவர் நான்கு, நான் மூன்று. மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம் அத்தை செய்யும் ஊறுகாய்க்கு இந்தக் காரம் உண்டு என்றார். சுவர்களில் தேர்தல் எழுத்துகள் இன்னும் அழியவில்லை. பேருந்து நிலையத்தில் கறுப்பும் சிவப்புமாகக் கொடிகள். சென்னையிலும் அவைதான் பறக்கின்றன. இங்கே கூடுதலாக, ஒவ்வொரு கிராமத்து முகப்பிலும் ஒரு செங்கொடி நின்றது. சில இடங்களில் கொடி இல்லை, வெட்டப்பட்ட கம்பம் மட்டும் நின்றது.

கல்லூரியில் அவர் பேசும் முறை எனக்குப் புதிது. படம் ஒட்டிய அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டுவார், பெயரைச் சொல்லமாட்டார். அடிமையாகப் பிறந்து காட்டு வழியாகத் தப்பியவள், பிறகு மற்றவர்களை அழைத்துவர அதே காட்டுக்குள் மறுபடி மறுபடி போனவள். தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்ட அடிமைச் சிறுவன், வளர்ந்து பத்திரிகை நடத்தினான். பேருந்தில் இருக்கையைவிட்டு எழ மறுத்த தையல்காரப் பெண். இரண்டாண்டு முன்பு விடுதி மாடியில் நின்றபோது சுடப்பட்ட போதகர். பெயர்களைக் கூட்டம் முடியும்போதுதான் சொன்னார். பெயர் முன்னால் வந்தால் அவர்கள் செய்தது பின்னால் போய்விடும் என்பது அவர் கட்சி. நானும் இங்கே பெயர்களை எழுதவில்லை.

ஒரு மாணவன் எழுந்து, "உங்க ஊர்ல கறுப்பு, வெள்ளைன்னு பார்த்தாலே தெரிஞ்சிடும். எங்க ஊர்ல என்ன நிறம்னு சொல்லுவீங்க?" என்று கேட்டான். மொழிபெயர்த்தேன். "அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்" என்றார் அவர். அதையும் மொழிபெயர்த்தேன். கல்லூரி முதல்வர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, காபி ஆறுகிறது என்றார்.

புதன்கிழமை வாடகைக் காரில் மன்னார்குடிக்குப் புறப்பட்டோம். ஓட்டுநர் காசிம், கூத்தாநல்லூர்க்காரர், அண்ணன்மார் இருவர் மலேயாவில். வடுவூரைத் தாண்டியதும் பின்சக்கரம் காற்றிறங்கியது. மாற்றுச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. "அது போன வாரமே போச்சு சார். ரெண்டும் ஒண்ணா போவும்னு யாரு கண்டா" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போது மணி ஒன்பது ஐம்பது. திரும்பி வந்தபோது பன்னிரண்டு பதினைந்து.

சாலையோரம் வாய்க்கால், அதற்கப்பால் சம்பா நடவு. இருபது பெண்கள் குனிந்த வரிசையாகப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தார்கள். எஸ்தர் அம்மையார் வரப்பில் இறங்கி நின்றார். ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ வேலாயி, யாருடி இது, உன் சித்தி மவளா?"

"எஞ் சித்தி மவளுக்கு ஏதுடி இம்மாம் நல்ல செருப்பு."

சிரிப்பு வரிசை முழுக்கப் போனது. மொழிபெயர்க்கலாமா என்று தயங்கினேன். விதி விதிதான், மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கையைக் கழுவிவிட்டு வா என்றார்.

நடவு கலைந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். எதற்கு இவ்வளவு தூரம் வந்தீங்க என்று வேலாயி கேட்டாள். நாற்பது வயதிருக்கும், உயரமானவள். எஸ்தர் அம்மையார் கல்லூரியில் சொல்லாத ஒன்றை அங்கே சொன்னார். எங்கள் பகுதிக்கும் டெல்டா என்றுதான் பெயர். அங்கே ஓட்டுப் போட வேண்டுமானால் முதலில் நீதிமன்றத்துக்குப் போய்ப் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். பருத்தி எடுக்கும் ஒரு பெண் பெயர் ஏற்றப் போனாள். அன்று சாயங்காலமே நிலக்காரன் வந்து, ஒன்று பெயரைத் திரும்ப வாங்கு, இல்லை வீட்டைக் காலி செய் என்றான். பதினெட்டு வருஷம் இருந்த வீடு.

"பேரு எழுதப் போனதுக்கா?" என்றாள் வேலாயி.

"ஆமாம்."

"எழுதிக்கிட்டாங்களா?"

"முதல் தடவை இல்லை."

வேலாயி கஞ்சியைக் கீழே வைத்தாள். அவள் கணவன் காத்தான் பத்தொன்பது ஆண்டுகளாக மிராசுதாரின் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறான். இரண்டு ஏக்கர் நிலம். ஆண்டுதோறும் நெல் அளந்தும் ஒரு தடவைகூட ரசீது வாங்கியதில்லை. இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது, குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் இந்த வருஷத்தோடு நிலம் இல்லை என்று மிராசுதாரின் காரியஸ்தர் சொல்லிவிட்டார்.

"நாளைக்குத்தாங்க விசாரண. பெரிய வீட்டுல வச்சு. எங்க வீட்டுக்காரரு பேரு காத்தான், கேட்டு வச்சுக்குங்க. நல்லா நடக்கணும்னு இந்தம்மாவ நெனச்சுக்கச் சொல்லுங்க."

அவள் சொன்ன பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மன்னார்குடிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர்தான் அந்த மிராசுதார் என்பது மேடையில்தான் தெரிந்தது. அழகான ஆங்கிலம். எஸ்தர் அம்மையார் தூக்கிக் காட்டிய அட்டைகளில் பாதிக்குமேல் அவரே பெயர் சொன்னார். மறுநாள் காலை உணவுக்குத் தம் வீட்டுக்கு அழைத்தார். என்னிடமுள்ள புத்தகங்களைப் பார்த்தால் உங்கள் ஊரில் இருப்பதுபோல் உணர்வீர்கள் என்றார்.

வியாழக்கிழமை எட்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அரிசி உப்புமா, கத்தரிக்காய் கொத்சு, நெய்யில் முந்திரி மிதக்கும் அசோகா அல்வா. ஒன்பது பதினைந்துக்குக் கை கழுவக் கொல்லைப்புறக் கிணற்றடிக்குப் போனேன். வைக்கோல் போருக்கு அருகே வேலாயி நின்றாள். பக்கத்தில் வெளுத்த வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிய ஓர் ஆள். வேலாயி கும்பிட்டு, "எங்க வீட்டுக்காரருங்க" என்றாள். தலையசைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

விசாரணை வீட்டின் முன்கூடத்தில் நடந்தது. குத்தகைப் பதிவு அதிகாரி எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மேசையும் மின்விசிறியும் மதியச் சாப்பாடும் உள்ள வீடு ஒன்றுதான் இருக்கும், கேம்ப் அங்கேதான் என்று அவருடைய எழுத்தர் எனக்கு விளக்கினார். தலையாரி முன்வாசல் படியில் நின்று தெருவைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் வந்த இருவர் தெருவிலேயே நின்றபடி, நாங்க பண்ணை ஆளுங்க, நெலம் ஐயாவோட சொந்தச் சாகுபடி என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

பதினொன்று ஐந்துக்குத் தலையாரி, "காத்தான், காத்தான், காத்தான்" என்று மூன்று முறை கூப்பிட்டார். தெருவில் ஒரு வண்டி போனது. யாரும் வரவில்லை. அதிகாரி பேனாவை மையில் தொட்டு எழுதினார். பக்கத்தில் இருந்த எனக்கு அது படிக்கும்படி தெரிந்தது: அழைத்தும் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி.

அப்போது மிராசுதார் அலமாரிக்கு முன்னே நின்று, அடிமைகளை விடுவித்த குடியரசுத் தலைவரின் உரை ஒன்றை எஸ்தர் அம்மையாருக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் சொன்னதால் எனக்கு வேலையில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். காத்தான் யாரென்று எனக்குத் தெரியும். கொல்லையில் நிற்பதும் தெரியும். எழுந்து சொல்லியிருக்கலாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

உரை முடிந்து எஸ்தர் அம்மையார் என் பக்கம் வந்ததும் சொன்னேன். அவர் கூடத்தைக் கடந்து, சமையல்கட்டு வழியாகக் கொல்லைக்கு நடந்தார். பின்னால் போனேன். மணி பதினொன்று இருபது. இருவரும் அதே இடத்தில் நின்றார்கள்.

"கூப்பிட்டார்களே" என்றேன்.

"எங்கங்க?" என்றான் காத்தான்.

"முன்வாசலில்."

"முன்வாசல்லயா?" அவன் வேலாயியைப் பார்த்தான். "பத்தொம்பது வருஷமா நெல்லு அளக்குறதும் இங்கதான், கணக்குக் கேக்குறதும் இங்கதான். விசாரணன்னா இங்க வந்துதானே கேப்பாங்க. வெடியக்காலமே வந்துட்டோங்க."

எஸ்தர் அம்மையார் திரும்பிக் கூடத்துக்கு வந்து அதிகாரியிடம், அந்த மனிதர் இங்கேதான் இருக்கிறார் என்றார். மொழிபெயர்த்தேன்.

"எழுதியாச்சும்மா. எழுதினத அடிக்க எனக்கு அதிகாரமில்லை. அப்பீல் போகச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. இலை போட்டாகிவிட்டதா என்று எழுத்தரைக் கேட்டார்.

மிராசுதார் சிரித்த முகத்தோடு, "முன்வாசல் திறந்துதான் இருந்தது. யார் தடுத்தார்கள்? நீங்களே பார்த்தீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு கொல்லைப் பக்கம் குரல் கொடுத்தார். "டேய் காத்தான், உன்ன யாராவது வராதேன்னாங்களா?"

"இல்லிங்க ஐயா" என்று பதில் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எஸ்தர் அம்மையார் உட்காரவில்லை. காரில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு, "எங்கள் ஊரில் பின்வாசல் என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பிடுங்கிப் போட முடிந்தது" என்றார். இன்னும் சிறிது தூரம் போனதும் என் குறிப்பேட்டைக் கேட்டார். தமிழ் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். 9.15, 11.05, 11.20 என்ற மூன்றையும் விரலால் தொட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். முதல் இரண்டையும் மறுபடி தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கேள்வியாக எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வலங்கைமானில் பேச வேண்டிய கூட்டத்தை அவர் ரத்து செய்துவிட்டு, மிராசுதாரின் ஊருக்குத் தெற்கே காத்தான் இருக்கும் சேரிக்குப் போகச் சொன்னார். அப்பீலுக்குத் தேதி கேட்டு விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் ஏற்கெனவே மனு எழுதியிருந்தார். கிழக்கே ஓர் ஊரில் குடிசையோடு ஆட்களை எரித்த செய்தி இன்னும் யாருக்கும் ஆறவில்லை. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லோர் குரலும் தாழ்ந்தது.

எஸ்தர் அம்மையார் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தெரு நடுவே போடச் சொன்னார். தம் ஊரில் தேவாலயத்துக்குள் பெஞ்சுகளை அடுக்கி, நீதிமன்றப் படி என்று வைத்துக்கொண்டு, பருத்திக் கூலிகளை ஒவ்வொருவராக ஏறி வந்து பெயர் சொல்லப் பழக்கினாராம். அதற்காகத்தான் அவர் வேலையும் போனது. கட்டில்தான் மேசை, அப்பால் இருப்பது அதிகாரி. அதிகாரியாக யார் இருப்பது என்றதும் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டார்கள். கடைசியில் வேலாயியின் நாத்தனார், காத்தானின் தங்கை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாருய்யா காத்தான்? ஆள் இருக்கானா, செத்துட்டானா?"

காத்தான் கட்டிலுக்கு எட்டடி தள்ளி நின்று, "வந்தேங்க" என்றான்.

"காது கேக்கல. எலிக்குஞ்சு மாதிரி கத்தாத. கிட்ட வா."

"அண்ணங்கிட்ட பேசுற பேச்சாடி இது?" என்றான்.

"அண்ணன் என்ன அண்ணன், நான் தாசில்தாரு. துண்ட எடுத்துத் தோள்ல போடு."

துண்டில்தான் அவன் நின்றுவிட்டான். இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான், தோளுக்கு ஏறவில்லை. வேலாயி போய் அதை வாங்கி அவன் தோளில் போட்டாள். பதினோரு முறை நடந்து வந்தான். பதினோராவது முறை, "இருக்கேன். நான்தான் காத்தான். ஆறு மா. பத்தொம்பது வருஷம்" என்று அவன் சொன்னது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். எஸ்தர் அம்மையார் தலையசைத்தார். அவர்கள் கொடுத்த வறுத்த நண்டை ஓடு உடைத்துச் சாப்பிட்டார். ஓடு ஒன்று என் பல்லில் மாட்டி அரை மணி நேரம் அவஸ்தை.

சனிக்கிழமை சென்னை திரும்பினோம். விமான நிலையத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். அப்பீல் நாளில் போய், பார்த்ததைச் சொல்வீர்களா? சொல்வேன் என்றேன்.

ஆறு வாரம் கழித்து விடுப்பு எடுத்துப் போனேன். மேல்முறையீட்டு அலுவலகம் டவுனில். நான் போனபோது மணி ஒன்பதரை. காத்தான் ஏழு மணிக்கே வந்து முன்படிக்கு நேரே, பியூன் கதவைத் திறந்தால் இடிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். துண்டு தோளில் இருந்தது. பெயர் கூப்பிட்டதும், "இருக்கேன்" என்று அவன் சொன்ன சத்தத்தில் எழுத்தர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேரித் தெருவில் பழகியதை ஒரு சொல் பிசகாமல் சொன்னான். கேள்விகளுக்கும் நன்றாகவே பதில் சொன்னான். அவனிடத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். குறிப்பேட்டைப் பார்த்து நேரங்களைச் சொன்னேன். மிராசுதாரின் வக்கீல் எழுந்தார்.

"ஒன்பது பதினஞ்சுக்குப் பார்த்தீங்க. பதினொண்ணு இருபதுக்குப் பார்த்தீங்க. நடுவுல ரெண்டு மணி அஞ்சு நிமிஷம் அவர் அங்கேயே நின்னதை நீங்க பார்க்கலை."

"பார்க்கவில்லை."

"பதினொண்ணு அஞ்சுக்குப் பேர் கூப்பிட்டது உங்க காதுல விழுந்தது."

"விழுந்தது."

"காத்தான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவர் கொல்லையிலதான் நிக்கிறார்னு நிச்சயமா தெரிஞ்சிருந்தா, படிச்சவர் நீங்க, அந்தக் கூடத்துலேயே உட்கார்ந்திருந்தவர், எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களா மாட்டீங்களா?"

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துவைக்கவில்லை. "தெரியும் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை" என்றேன்.

"ஏன்?"

"என்னிடம் யாரும் கேட்கவில்லை."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவு அன்றே மூன்று மணிக்கு வந்தது. எழுத்தர் வாசித்தது தமிழ்தான். ஆனாலும் காத்தானும் வேலாயியும் முடிந்தது தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்கள். பியூன் போகச் சொன்ன பிறகு படியிறங்கி, வேப்பமரத்தடிக்கு வந்து, "என்னங்க எழுதியிருக்கு?" என்று வேலாயி என்னைக் கேட்டாள். பதினாறு ஆண்டில் முதல்முறையாகத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன்.

"பேர் ஏறலைம்மா."

"அது மூஞ்சியிலேயே தெரியுதுங்க. ஏன்னு எழுதியிருக்கு?"

நகலைப் பார்த்தேன். மேற்படி சாட்சி கூடத்தில் இருந்தும், மனுதாரரை அறிந்திருந்தும், அழைப்பு விடுத்த சமயம் ஏதும் தெரிவிக்காமையால், மனுதாரர் அவ்விடம் இருந்தார் என்பது நம்பத்தக்கதாயில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அன்னைக்கு அவர் அங்கே இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருப்பேனாம். நான் திறக்கலை. அதனால அவர் இல்லையாம்."

வேலாயி என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லாததுக்கு அவரு இல்லாமப் போயிட்டாரா?" என்றாள். திட்டுகிற குரலில்லை. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்கிற குரல்.

"அப்படித்தான் எழுதியிருக்கு" என்றேன்.

காத்தான் இதற்குள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, பேருந்து நிற்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணி என்னங்க?"

"மூன்று பதினெட்டு."

"மூணரை பஸ்ஸு இருக்கு. வா புள்ள, சாயங்காலம் நம்ம தண்ணி மொற. விட்டா அடுத்து எட்டு நாளு. பயிரு வாடும்."

அந்த ஆறு மா இனி யாருடையது என்று உத்தரவின் கடைசி வரியில் தெளிவாக இருந்தது. அந்த வரியை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. வேலாயி திரும்பி நின்று, "வேற ஏதும் எழுதியிருக்குங்களா?" என்று கேட்டாள். கேட்டதால் சொன்னேன். அவள் அதைக் காத்தானிடம் சொல்லவில்லை. இருவரும் மூன்றரை பேருந்தில் ஏறித் தண்ணீர் கட்டப் போனார்கள்.